ஆறாம் வட்டத்து ‘இல்லை’

அந்த அலுவலகத்தில் அவளை ‘கேள்விக்குறி’ என்று சொன்னால்தான் யாருக்கும் தெரியும். எந்தப் படிவம் மேசைக்கு வந்தாலும் ஓரத்தில் சிவப்பு மையில் நாலு கேள்விக்குறியாவது போடாமல் திருப்பி அனுப்ப மாட்டாள். பதினெட்டு வருஷத்துப் பழக்கம். முதுகுக்குப் பின்னால் இந்தப் பட்டப்பெயர் ஓடுவது அவளுக்கும் தெரியும். வெளியே முறைத்துக்கொள்வாள், உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைதான்.

அரசுப் பணத்தில் நடக்கும் வீட்டுப் பாதுகாப்புத் திட்டத்தைக் கண்காணிப்பது அவள் வேலை. நகரத்தில் ஆறு வட்டங்கள். தீக்காயம், வழுக்கி விழுவது, வீட்டுக்குள் அடிதடி என்று அடிக்கடி ஆஸ்பத்திரிக்கு ஓடிக்கொண்டிருந்த வீடுகளில் வட்டத்துக்கு நாற்பத்தாறைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். வட்டத்துக்கு ஒரு களப்பணியாளர். அவர் வாரம் ஒருமுறை ஒவ்வொரு வீட்டுக்கும் போய்ப் பார்த்து, ஆபத்தாக எது இருந்தாலும் சரிசெய்ய வைத்து, பதிவேட்டில் ஒரு வரி எழுத வேண்டும். ஒப்பந்தத்தில் இருக்கும் ஒரு பெண் கணினியில் ஏற்றும் அந்த வரிகளைக் கூட்டிக் கழித்து, திட்டம் வேலை செய்கிறதா இல்லையா என்று சொல்பவள் கேள்விக்குறி.

திங்கட்கிழமை காலை அரையாண்டு அறிக்கை வந்தது. ஐந்து வட்டங்கள் பச்சை. ஆறாம் வட்டம் மட்டும் சிவப்பு. சாதாரணச் சிவப்பு இல்லை. இருபத்தாறு வாரத்தில் ஆயிரத்து நூற்றுத் தொண்ணூற்றாறு வருகை. அதில் ஆயிரத்து நூற்றுத் தொண்ணூற்று மூன்றுக்கு எதிரே ‘வீட்டில் ஆள் இல்லை’. மிச்சம் மூன்றே மூன்று வருகையில்தான் ஆளைப் பார்த்திருக்கிறார்கள். அந்த மூன்றிலும் காயம். நூற்றுக்கு நூறு தோல்வி என்று கணினி தசமப் புள்ளி போட்டுச் சொன்னது.

“என்னம்மா இது, வட்டத்தையே காலி பண்ணிட்டு எல்லாரும் ஊருக்குப் போயிட்டாங்களா?” என்றார் மேலாளர்.

“ஊர்ல எல்லாரும் இருக்காங்க சார். அந்தக் களப்பணியாளர் அம்மாதான் வீட்டுப் பக்கமே போகல. எங்கயோ நிழல்ல உக்காந்து எழுதியிருக்காங்க” என்றாள் கேள்விக்குறி.

“அப்ப சரி. வெள்ளிக்கிழமை குழுக் கூட்டத்துல ஆறாம் வட்டத்த நிறுத்திடலாம்னு போட்டுடுங்க. ஒண்ணாம் தேதியிலேருந்து அந்த வீடுகளுக்கு யாரும் போக வேண்டாம்.”

நிறுத்தும் முன் களப்பணியாளரிடம் எழுத்தில் விளக்கம் வாங்க வேண்டும் என்பது விதி. தபாலில் கேட்டாலே போதும். ஆனால் இவ்வளவு பெரிய பொய்யைக் கையும் களவுமாகப் பிடிக்கும் வாய்ப்பு அடிக்கடி கிடைக்காது. செவ்வாய்க்கிழமை காலை, சிவப்பு மைப் பேனாவை மறக்காமல் எடுத்துக்கொண்டு, அவளே கிளம்பினாள்.

ஆறாம் வட்டம் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இருந்தது. கைநீட்டினால் எதிர்வீட்டுச் சுவரைத் தொடலாம் என்கிற அகலத்தில் சந்துகள். களப்பணியாளரைத் தேட வேண்டிய அவசியமே வரவில்லை. சந்து முனையில் நின்ற நாலைந்து பிள்ளைகள் அவர் வருவதைப் பார்த்ததும், “தொந்தரவு வருது, தொந்தரவு வருது” என்று வீடு வீடாகத் தகவல் சொல்லிக்கொண்டு ஓடின.

தொந்தரவக்கா நாற்பத்தைந்து வயதுப் பெண். தோளில் துணிப்பை, கையில் தடித்த பதிவேடு, காலில் தேய்ந்து ஒரு பக்கம் சாய்ந்த செருப்பு. பட்டப்பெயரைக் கேட்டு அவருக்குக் கோபம் வந்த மாதிரி தெரியவில்லை.

“எல்லா வீட்டுக்கும் போறேன் மேடம். ஒரு வாரம் விட்டதில்ல” என்றார்.

“அறிக்கை அப்படிச் சொல்லலையே.”

“அறிக்கைக்கு நான் என்ன பண்ண முடியும்? வாங்க, கூடவே வந்து பாருங்க. இன்னைக்கு ஒன்பது வீடு.”

முதல் வீட்டில் அடுப்பு தரையிலிருந்து மேடைக்கு ஏறியிருந்தது. இரண்டாவது வீட்டில் குளியலறை வாசலில் பழைய சாக்கை நாலாக மடித்துத் தைத்துப் போட்டிருந்தார்கள். மூன்றாவது வீட்டில் மண்ணெண்ணெயைத் தண்ணீர் பாட்டிலில் வைத்திருந்ததற்கு அந்த வீட்டுக்காரியை அக்கா நிற்க வைத்து வாங்கு வாங்கென்று வாங்கினார். பாட்டில் மாறுகிற வரைக்கும் நகரவில்லை. ஏன் தொந்தரவு என்று பெயர் வந்தது என்று கேள்விக்குறிக்குப் புரிந்தது. அதிகாரி கூட வருகிறார் என்றால் யாரும் இப்படிக் கறாராகத்தான் நடந்துகொள்வார்கள் என்றும் நினைத்துக்கொண்டாள். அவள் அவ்வளவு சீக்கிரம் மசிகிற ஆள் இல்லை.

“அடிதடிக்கு என்ன பண்றீங்க?” என்று கேட்டாள்.

“ஏணி கேக்கச் சொல்லியிருக்கேன்.”

“ஏணியா?”

“எந்த வீட்ல சத்தம் ஏறுதோ, பக்கத்து வீட்டுக்காரங்க போய்க் கதவத் தட்டி ஏணி இருக்கான்னு கேப்பாங்க. அப்ப இந்தச் சந்துல எந்த வீட்லயும் ஏணி கெடையாது மேடம். அதான் அதக் கேக்கச் சொன்னேன். கேட்டா யோசிக்கணும், பதில் சொல்லணும். அதுக்குள்ள ஓங்கின கை கீழ வந்துடும். ஒருத்தர் போனதும் அடுத்தவங்க போவாங்க. ஒரே ராத்திரியில ஆறு பேரு ஏணி கேட்டா எவனுக்குச் சண்டை போடத் தோணும்?”

“வேலை செய்யுதா?”

“கடைசி வீட்டு லாரிக்காரர் பொறுக்க முடியாம ஒரு ஏணியே வாங்கிப் போட்டுட்டார். இப்ப தெருவுக்கே அவர்தான் ஏணி குடுக்குறார். அந்த வீட்ல சத்தம் நின்னு அஞ்சு மாசம் ஆச்சு.”

கேள்விக்குறிக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். சிரித்துவிட்டால் விளக்கம் கேட்பது கஷ்டம்.

நாலாவது வீட்டில் ஐந்து பேர் இருந்தார்கள். அம்மா, அப்பா, இரட்டைப் பெண்பிள்ளைகள், கட்டிலில் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்த ஒரு மாமா. அக்கா எல்லாரையும் விசாரித்தார், மின்கம்பியை இழுத்துப் பார்த்தார், பிள்ளைகளின் கையைத் திருப்பிப் பார்த்தார். வாசலுக்கு வந்ததும் பதிவேட்டைச் சுவரில் வைத்துத் தேதியும் வீட்டு எண்ணும் எழுதினார். இந்த முறை கேள்விக்குறி தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தாள்; கடைசிக் கட்டத்தில் பளிச்சென்று ‘இல்லை’ என்று எழுதினார் அக்கா.

கேள்விக்குறிக்குத் தூக்கி வாரிப் போட்டது.

“என்ன எழுதுறீங்க?”

“இல்லைன்னு எழுதுறேன்.”

“யார் இல்ல? உள்ள அஞ்சு பேர் இருக்காங்க. இப்பதானே பேசிட்டு வந்தோம்.”

அக்கா அவளை ஏற இறங்கப் பார்த்தார். வெயிலில் நடந்து மேடத்துக்கு ஏதாவது ஆகிவிட்டதோ என்கிற பார்வை.

“ஆளு இருக்காங்க மேடம். காயம் இல்ல. அடி இல்ல. சுடல, விழல. கட்டத்துக்கு மேல ‘இருப்பின் விவரம்’னு போட்டிருக்கு. இருந்தா விவரம் எழுதணும். இல்லன்னா இல்லைன்னுதானே எழுதணும்?”

கேள்விக்குறி பதிவேட்டை வாங்கிப் புரட்டினாள். பக்கம் பக்கமாக இல்லை, இல்லை, இல்லை. அங்கங்கே ‘பூட்டு’ என்று ஒரு சொல். வீடு பூட்டியிருந்தால் பூட்டு. மூன்று இடத்தில் மட்டும் கட்டம் போதாமல் ஓரமெல்லாம் வழிய எழுதியிருந்தது. ஒரு பிள்ளை கஞ்சி கொட்டிக்கொண்டது, ஒரு பெரியவர் படியில் தவறியது, ஒரு பெண்ணின் உதடு கிழிந்தது. நாள், நேரம், யார் தூக்கிக்கொண்டு ஓடினார்கள் என்பது வரை இருந்தது.

கட்டத்தின் தலைப்பை மறுபடி படித்தாள். ‘இருப்பின் விவரம்’ என்று தலைப்பு வைத்தவள் அவள்தான். இரண்டே சொல்லில் முடித்துவிட்டோம் என்று அன்றைக்கு ஒரு டீ கூடுதலாகக் குடித்தவள். காயம் இல்லாவிட்டால் ஒரு கோடு போடுங்கள், ஆள் இல்லாவிட்டால் ‘இல்லை’ என்று எழுதுங்கள் என்று பயிற்சி வகுப்பில் சொன்னவளும் அவள்தான். கணினியில் ஏற்றுவதற்கான வழிகாட்டியில், பதினாலாவது வரியில், ‘இல்லை, பூட்டு: ஆள் இல்லை’ என்று எழுதி வைத்தவளும் அவளேதான்.

“பயிற்சிக்கு நீங்க வரலையா?”

“அன்னைக்குத்தான் மேடம் பன்னெண்டாம் நம்பர் வீட்ல சிலிண்டர் கசிஞ்சுது. அத விட்டுட்டு எப்படி வர்றது?”

அன்று மாலை வீட்டில் அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அவள் கணவர் தையல்காரர். அளவு தப்பினால் துணி போச்சு என்கிற தொழில். நடந்ததைச் சொல்லி முடித்ததும், காலர் துணியை மடித்துக்கொண்டே கேட்டார்.

“அளவு எடுத்தவங்க தப்பா, வெட்டினவங்க தப்பா?”

“அளவு எழுதினவ தப்பு. நான்தான்.”

“அப்ப நீதான் பிரிச்சுத் தைக்கணும்.”

“தைக்கிறது இருக்கட்டும்ங்க. நம்புவாங்களா? ஆள் இல்லன்னு சொல்றத நிரூபிச்சிடலாம். ஒண்ணும் நடக்கலன்னு சொல்றத எப்படி நிரூபிக்கிறது?”

“நடந்திருந்தா எங்க போயிருப்பாங்க?” என்றார் அவர்.

அதற்கு அவளிடம் உடனே பதில் இருந்தது. தட்டை இழுத்துச் சாப்பிட்டாள்.

புதன்கிழமை விடிந்ததும் அரசு ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் போய் நின்றாள். அங்கே பதிவேடு தலைமைச் செவிலியரின் பொறுப்பு. கண்ணாடியை மூக்கு நுனியில் மாட்டியிருந்த அந்த அம்மாள், முகவரியைப் பார்த்ததுமே, “தண்ணித் தொட்டிப் பக்கமா? நாங்களே பேசிக்கிட்டோம். வாரா வாரம் வந்துட்டிருந்தாங்க, இப்ப காணோமேன்னு” என்றார்.

நாற்பத்தாறு வீட்டு எண்களையும் வைத்துக்கொண்டு இரண்டு பேரும் உட்கார்ந்து வரி வரியாகத் தேடினார்கள். திட்டம் தொடங்குவதற்கு முந்தைய ஆறு மாதத்தில் அந்த வீடுகளிலிருந்து வந்தவர்கள் முப்பத்தெட்டுப் பேர். பிந்தைய ஆறு மாதத்தில் மூன்று பேர். கஞ்சி கொட்டிய பிள்ளை, படியில் தவறிய பெரியவர், உதடு கிழிந்த பெண். தேதி அதே தேதி. அக்கா போட்ட நேரத்துக்கும் ஆஸ்பத்திரி போட்ட நேரத்துக்கும் அரைமணி வித்தியாசம், அது வழியில் போன நேரம்.

வேறொருத்தியாக இருந்தால் அங்கேயே துள்ளியிருப்பாள். இவள் கேள்விக்குறி அல்லவா. ஆஸ்பத்திரிக்கு வராமல் மறைத்திருந்தால் என்ன செய்வது என்று அடுத்த கேள்வி வந்துவிட்டது. வட்டத்துக்குள் இருந்த ஒரே மருந்துக்கடைக்குப் போய்ப் பஞ்சும் தீக்காயக் களிம்பும் எப்படி விற்கிறது என்று கேட்டாள்.

“அத ஏங்க கேக்குறீங்க” என்று கடைக்காரர் புலம்பினார். “பஞ்சுக் கட்டு வாங்கின தேதிக்கு அப்படியே கெடக்கு. களிம்பு காலாவதி ஆகிப் போச்சு. எல்லாம் அந்தத் தொந்தரவால வந்த வினை.”

இவ்வளவு நல்ல வசவை அவள் வாழ்க்கையில் கேட்டதில்லை. அதையும் எழுதிக்கொண்டாள். மிச்ச நேரத்திலும் வியாழக்கிழமை மதியம் வரையிலும் நாற்பத்தாறு வீட்டுக்கும் தனியாகவே போனாள். அக்கா வந்தாரா என்று ஒருவரிடமும் கேட்கவில்லை. கேட்டால் பாசத்துக்காகவாவது வந்தார் என்பார்கள். அடுப்பையும் படியையும் கம்பியையும் மட்டும் பார்த்துக் குறித்துக்கொண்டாள்.

வியாழன் மாலை மேலாளரிடம் எல்லாவற்றையும் பரப்பி வைத்தாள். அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

“வட்டம் பிழைச்சிடும், சரி. ஆனா வழிகாட்டி உங்களுதுன்னு ஏன் சொல்லணும்? பதவி உயர்வுப் பட்டியல்ல உங்க பேர் இருக்கு. கணினிப் பொண்ணு தப்பா ஏத்திட்டான்னு ஒரு வரி போட்டா முடிஞ்சுது. ஒப்பந்தப் பொண்ணுதானே.”

“அவ நான் எழுதினபடி ஒரு எழுத்து மாறாம ஏத்தியிருக்கா சார். இந்த அலுவலகத்துல ஒழுங்கா வேலை பார்த்தது அவ ஒருத்திதான்.”

மேலாளர் தாள்களை அடுக்கி அவளிடமே திருப்பிக் கொடுத்தார்.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்குக் குழு கூடியது. நீள மேசை, பதினொரு பேர், சுவரில் திரை, திரையில் ஆறாம் வட்டம் சிவப்பாக. தலைமை வகித்தவர் இயக்குநர். ஒவ்வொரு விஷயத்துக்கும் ஏழு நிமிஷத்துக்கு மேல் கொடுக்காத மனிதர். சுவரோரம் நாற்காலியின் நுனியில் தொந்தரவக்கா உட்கார்ந்திருந்தார். விளக்கம் கேட்டு வந்த கடிதத்தை நாலாக மடித்துக் கையில் வைத்திருந்தார்.

கேள்விக்குறி எழுந்தாள். அடுத்தவர் தப்பைச் சொல்ல எழுந்து பழகிய உடம்பு, தன் தப்பைச் சொல்ல மெதுவாகத்தான் எழுந்தது.

“ஆறாம் வட்ட அறிக்கை தப்பு சார். தப்பு பண்ணினது நான். வழிகாட்டியில பதினாலாவது வரி என்னோடது. காயம் இல்லைன்னு அவங்க எழுதினத, ஆள் இல்லைன்னு ஏத்தச் சொன்னது நான்.”

மேசையைச் சுற்றிப் பதினொரு தலைகள் நிமிர்ந்தன. கேள்விக்குறி தப்பு செய்தாள் என்பதை அந்தக் கட்டடம் முதல்முறையாகக் கேட்கிறது. அவள் நிறுத்தவில்லை. பூட்டு என்ற சொல்லைக் காட்டினாள். ஆஸ்பத்திரியின் முப்பத்தெட்டையும் மூன்றையும் காட்டினாள். மூன்று தேதிகளும் பொருந்துவதைக் காட்டினாள். மருந்துக்கடைக்காரரின் புலம்பலை அப்படியே படித்தபோது யாரோ சிரித்தார்கள். நாற்பத்தாறு வீட்டிலும் தான் பார்த்ததைச் சொன்னாள். ஏழு நிமிஷம் எப்போதோ தாண்டிவிட்டது, இயக்குநர் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

ஆனால் அவர் லேசில் விடுகிற ஆளும் இல்லை. அக்காவின் பக்கம் திரும்பினார்.

“எல்லாம் சரிம்மா. ஆயிரத்துச் சொச்சம் தடவை ஒரே ஒரு வார்த்தைய எழுதியிருக்கீங்க. ஒரு தடவையாவது போனேன், பார்த்தேன்னு முழுசா எழுதக் கூடாதா? வெறும் ‘இல்லை’ன்னு எழுதினா நாங்க என்னன்னு எடுத்துக்கிறது?”

அக்கா எழுந்து நின்றார். என்ன பதில் சொல்வது என்று கடிதத்தை ஒருமுறை பார்த்தார்.

“சார், அந்த ‘இல்லை’ய எழுதுறதுக்குத்தான் நான் அந்த வீட்டுக்கே போறேன்.”

இயக்குநர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மாட்டினார். பிறகு திரைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கணினிப் பெண்ணிடம், “அந்த வரியத் திருத்தி இப்பவே போடும்மா. நான் பார்க்கணும்” என்றார்.

அவள் பதினாலாவது வரியைத் திருத்தினாள். திரை ஒருமுறை வெளுத்தது. பிறகு எண்கள் மேலிருந்து கீழாக மாறத் தொடங்கின. பூட்டிய வீடு இருபத்தேழு. பார்த்த வீடு ஆயிரத்து நூற்று அறுபத்தொன்பது. காயம் மூன்று. ஆறாம் வட்டம் பச்சையானது. பச்சையானதோடு நிற்காமல், மற்ற ஐந்து வட்டங்களையும் தாண்டிப் பட்டியலின் உச்சியில் போய் உட்கார்ந்தது.

“நிறுத்தறதாவது” என்றார் இயக்குநர். “ஆறாம் வட்டம் தொடரும். அடுத்த மாசத்திலேருந்து மத்த அஞ்சு வட்டத்துப் பணியாளர்களும் இந்தம்மாகிட்ட வந்து கத்துக்கணும். குறிப்பெடுத்துக்குங்க.”

அந்தக் குழுவில் கைதட்டும் வழக்கம் கிடையாது. முதலில் தட்டியது கணினிப் பெண்தான். தட்டிவிட்டுப் பயந்து நிறுத்தினாள். அதற்குள் மேசைக்கு அந்தப் பக்கத்தில் ஒருவர் தட்டினார், அப்புறம் மேலாளரே தட்டினார், அப்புறம் யார் யார் என்று பார்க்க முடியவில்லை. கேள்விக்குறிக்குக் கண் கலங்கியது. மறைக்க வேண்டும் என்றுகூட அவளுக்குத் தோன்றவில்லை. அப்படியொரு சந்தோஷம்.

தொந்தரவக்கா மட்டும் தட்டவில்லை. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அவள் பக்கத்தில் வந்து நின்றார்.

“நான் கிளம்பலாமா மேடம்? வெள்ளிக்கிழமை வீடு ஒன்பது இருக்கு. இன்னும் ஒண்ணுக்குக்கூடப் போகல.”

“போங்க அக்கா” என்றாள் கேள்விக்குறி.

பதினெட்டு வருஷத்தில் எத்தனையோ கூட்டங்களில் எத்தனையோ பேர் செய்த தப்புகளைக் கண்டுபிடித்துச் சொல்லிப் பாராட்டு வாங்கியவள் அவள். இன்றைக்கு ஆயிரத்து நூற்று அறுபத்தாறு தடவை ஒன்றும் நடக்கவில்லை என்பதற்காக, உள்ளங்கை சிவக்கச் சிவக்கக் கைதட்டிக்கொண்டு நின்றாள்.